இரிடியம் பிளக்கும் ஆரல்வாய்மொழிக் காற்றும்: 22,000 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த கணக்கு

என் வண்டி 2021-இல் எடுத்த 125 சிசி ஹோண்டா ஷைன். வீடு நாகர்கோவில் வடசேரியில், வேலை காவல்கிணறில். தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போய்வர நாளொன்றுக்கு 45 கிலோமீட்டர் சொச்சம். வண்டியோடு வந்த ஸ்பார்க் பிளக்கை, அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி விடும் பிளக்கை, கிட்டத்தட்ட 12,000 கிலோமீட்டரில், 2022 மார்ச்சில் கழற்றினேன். அப்போது கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "இரிடியம் போட்டுப் பாருங்க, வண்டி பட்டு மாதிரி போகும்" என்றார். நிக்கல் முனை வைத்த சாதாரண பிளக் அன்றைக்கு 120 ரூபாய், இரிடியம் உலோக முனை வைத்தது 540 ரூபாய். பட்டு என்றால் விலை இருக்கத்தானே செய்யும் என்று வாங்கிவிட்டேன்.

வாங்கும்போது எண்ணை மட்டும் கவனமாகப் பார்த்தேன். என் வண்டியில் இருந்தது என்ஜிகே கம்பெனியின் சிபிஆர்8இஏ-9. அதற்கு நேரான இரிடியம் சிபிஆர்8இஏஐஎக்ஸ்-9. இதில் 8 என்பது பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்தும் என்பதற்கான எண், 9 என்பது பொறி தாவும் இரண்டு முனைகளுக்கு நடுவே 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. போஷ் கம்பெனியில் அப்படியே தலைகீழ், எண் கூடினால் சூடானது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான், மரை சேர்ந்தா போதும்" என்று வேறு எண்ணை நீட்டினால் வாங்காதீர்கள். குளிர்ச்சி கூடினால் கரி பிடிக்கும், சூடு கூடினால் நீண்ட ஏற்றத்தில் எஞ்சினுக்கே ஆபத்து. இரிடியமா நிக்கலா என்ற கேள்வியெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் நாள் நன்றாகவே இருந்தது. செல்ப் பட்டனைத் தொட்டதும் பிடித்தது. ஐடிலிங் சீராக இருந்தது. முதல் மூன்று டேங்கில் லிட்டருக்கு 63 வந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதம் 60-ஐத் தாண்டவில்லை. கண்ணில் பட்ட எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். நாலு பேரையாவது இரிடியம் வாங்க வைத்திருப்பேன், அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது.

ஜூன் வந்தது. மைலேஜ் 55.

பிளக் போய்விட்டதோ என்று மெக்கானிக் அண்ணனிடம் ஓடினேன். அவர் பிளக்கைக் கழற்றவே இல்லை. "ஆரல்வாய்மொழில தென்னமரம் எந்தப் பக்கம் சாஞ்சு நிக்குன்னு பாத்தியா மக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது விளங்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரல்வாய்மொழி, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு கணவாய். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று முழுக்க அந்தச் சந்துக்குள் புகுந்துதான் கிழக்கே போகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. காலையில் காவல்கிணறுக்குப் போகும்போது முதுகில் தள்ளும், திராட்டிலைத் திருகவே வேண்டாம். மாலையில் திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அறையும், நாலாம் கியரிலும் வண்டி திணறும். போகும்போது மிச்சமாவது வரும்போது செலவாகி இரண்டும் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகாது. எதிர்க்காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. தள்ளிக் கொடுப்பதைவிட அதிகமாகவே பிடுங்கிக்கொள்ளும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் காசு போட நிறுத்தினால்கூட சைடு ஸ்டாண்டை நம்பி வண்டியை விட முடியாத மாதம் அது.

அதிலிருந்து நோட்டில் மாதவாரியாக எழுத ஆரம்பித்தேன். இரிடியத்தை 2023 டிசம்பர் வரை, 22,000 கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு வேண்டுமென்றே புதிய சாதாரண பிளக்கைப் போட்டு ஒரு வருடம் ஓட்டினேன். அதே வழி, அதே ஆள், அதே பங்க். ஜனவரி-பிப்ரவரி சராசரி: 2023-இல் இரிடியத்தில் 61.8, 2024-இல் சாதாரணத்தில் 61.5. ஜூன்-ஜூலையில் இரிடியம் 55.9, சாதாரணம் 56.3. டேங்க் நிரப்பும்போது பங்க் பையன் இன்னும் இரண்டு சொட்டு கூட விட்டாலே வந்துவிடுகிற வித்தியாசம் இது. 2025-க்குப் பிந்தைய கணக்கை நான் சேர்க்கவில்லை. பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் ஆகிவிட்டதால் பழையதோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

அப்படியென்றால் முதலில் வந்த அந்த 63? காற்றில்லாத மாதம், புதிய பிளக், அதோடு 540 ரூபாய் கொடுத்த மனசு. கை தன்னால் மெதுவாகத் திருகியிருக்கும்.

இரிடியம் ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. சாதாரண பிளக்கின் நடு முனை இரண்டரை மில்லிமீட்டர் தடிமனான நிக்கல். என் இரிடியத்தில் அது 0.6 மில்லிமீட்டர் ஊசி. கூர்மையான முனையிலிருந்து பொறி எளிதாகத் தாவும், அதனால் குறைந்த வோல்டேஜ் போதும். நிக்கலை அவ்வளவு மெலிதாகச் செய்தால் சீக்கிரமே கரைந்துவிடும். அது உருகுவது 1,455 டிகிரி செல்சியஸில், இரிடியமோ 2,446-இல். இதெல்லாம் உண்மை. ஆனால் பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயில் நன்றாக இருக்கும் வண்டியில் தேவைக்கு மேலேயே வோல்டேஜ் கிடைக்கிறது. தீக்குச்சியில் பற்றவைத்தாலும் லைட்டரில் பற்றவைத்தாலும் சோறு வேக அதே நேரம்தான். முதல் குச்சி நமத்துப்போய்ப் பற்றாமல் இருந்தால்தான் லைட்டரின் அருமை தெரியும்.

நமத்துப்போன குச்சிக்கு உதாரணம் என் சித்தப்பா வண்டி. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு அவருக்கு. விடியுமுன் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். பழைய 100 சிசி, கார்பரேட்டர், கிக்கர் மட்டும். மழைக்காலத்தில் சோக்கை இழுத்து ஏழெட்டு மிதி மிதித்தால்தான் உறுமும். என் பேச்சைக் கேட்டு 2022-இல் அவரும் இரிடியம் போட்டார். "எடே, நல்ல சாதனம் டே. ஒரே சவுட்டுல பிடிக்குது" என்று போனில் ஒரே சந்தோஷம். வண்டியிலிருந்து கழற்றிய பழைய பிளக்கைப் பார்த்தேன். நடு முனை உருண்டையாகத் தேய்ந்து, இடைவெளி ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு விரிந்திருந்தது. அதை எப்போது போட்டது என்று சித்தப்பாவுக்கே தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தெரியாமல் இரிடியத்தைக் கழற்றிவிட்டுப் புதிய 120 ரூபாய் பிளக்கைப் போட்டேன். ஒரு வாரம் கழித்து, "எப்படி இருக்கு சித்தப்பா?" என்றேன். "அதே சவுட்டு, அதே ஸ்டார்ட்டு" என்றார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இரிடியம் போட்டவர்கள் புகழ்வதில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்பது என் எண்ணம். தேய்ந்த பிளக்கோடு புதியதை ஒப்பிடுகிறோம், நிக்கலோடு இரிடியத்தை அல்ல.

அடுத்தது ஆயுள். நடு ஊசி 22,000 கிலோமீட்டருக்குப் பிறகும் முனை மழுங்காமல் இருந்தது. ஆனால் எதிரே வளைந்து நிற்கும் பக்க முனை இந்த வகையில் வெறும் நிக்கல்தான். அதில் சின்னக் குழி விழுந்து, இடைவெளி 1.05-க்கு வந்துவிட்டது. இரண்டு முனையிலும் உயர் உலோகம் வைத்த பிளக்குகள் கார்களில் லட்சம் கிலோமீட்டர் போவதைக் கேட்டுவிட்டு இதையும் அப்படி நம்பக்கூடாது. அது போக, கார்பரேட்டர் காலத்துச் சின்ன வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் கிராங்க் தண்டு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழும். எரிந்த புகை வெளியேறும் நேரத்திலும் ஒரு வீண் பொறி. தேய்மானமும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்ற நினைப்பு நம் கடற்கரையில் வேறு வம்பில் மாட்டிவிடும். முட்டத்தில் இருக்கும் ஒரு நண்பர் இரிடியத்தை 30,000 கிலோமீட்டர் தொடவே இல்லை. உப்புக்காற்றில் பிளக்கின் இரும்பும் எஞ்சின் ஹெட்டின் அலுமினியமும் ஒன்றோடொன்று இறுகிப்போயின. ஸ்பேனர் போட்டுத் திருகியபோது பிளக்கோடு ஹெட்டின் மரையும் சேர்ந்து வந்தது. பத்து மில்லிமீட்டர் மரை, எவ்வளவு தாங்கும்? லேத்துக்குக் கொண்டுபோய்ப் புது மரை போட 700 ரூபாய், இரண்டு நாள் வேலை கெட்டது தனி. எந்தப் பிளக்காக இருந்தாலும் ஆறாயிரத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஆறியபின், கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. திரும்ப மாட்டும்போது முதலில் கையால் முழுக்கத் திருக வேண்டும், அதன் பிறகுதான் ஸ்பேனர். புது பிளக் என்றால் வாஷர் நசுங்க அரைச் சுற்று. பழையதைத் திரும்பப் போட்டால் அதில் கால்வாசி போதும். கழற்றிய இரிடியத்தை உப்புத்தாளிலோ கம்பி பிரஷ்ஷிலோ தேய்க்கக் கூடாது, ஊசி உடைந்தால் 540 ரூபாய் போச்சு.

2022 நவம்பர் மழையில் எனக்கே ஒரு கூத்து நடந்தது. தோவாளையில் ரோட்டில் நின்ற தண்ணீரைத் தாண்டியதும் வண்டி இருமத் தொடங்கியது. மெக்கானிக் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். "கேப் பாரு மக்கா" என்று பதில் வந்தது. நானும் இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் வாங்கி, மூன்று நாளாகப் பிளக் முனைகளின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தேன். 0.9 அப்படியே இருந்தது, வண்டி இருமுவது நிற்கவில்லை. நேரில் போனதும் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னது பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் கேப்பை. தமிழில் எழுதினால் இரண்டும் கேப்தான், என்ன செய்ய? கேப்பில் ஒரு வெடிப்பு, உள்ளே தண்ணீர், பித்தளையில் பச்சைக் களிம்பு. 150 ரூபாயில் முடிந்தது. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று வருடத்தில் பாதி நாள் நனைகிற நம் மாவட்டத்தில் இரிடியத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல கேப் வாங்கினால் பலன் கண்ணுக்குத் தெரியும்.

போலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு இரண்டாவது இரிடியம் என்று ஒரு கடையில் 260 ரூபாய்க்கு வாங்கினேன். ஊசி ஊசியாகவே இல்லை, மொட்டையாகத் தீக்குச்சித் தலை போல இருந்தது. வெள்ளைப் பீங்கானில் இருந்த எழுத்து பெட்ரோல் துணியால் துடைத்ததும் மங்கியது. பாதி விலைக்கு இரிடியம் கிடைத்தால் அது இரிடியம் இல்லை.

பணக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 22,000 கிலோமீட்டருக்கு இரிடியம் ஒன்று 540, சாதாரணம் இரண்டு 240. வித்தியாசம் 300 ரூபாய், மூன்று லிட்டர் பெட்ரோல். அந்தத் தூரத்துக்கு நான் போட்டது 370 லிட்டர். ஒரு சதவீதம் மிச்சமானாலே போட்ட முதல் திரும்பிவிடும் என்று வாதாடலாம். அந்த ஒரு சதவீதத்தை என் நோட்டில் நான் காணவில்லை. டயரில் காற்றுக் குறைந்தால் அதைவிட அதிகம் போகிறது. பிக்கப்பிலும் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் உள்ள பஜாஜ் வண்டிக்காரர்களுக்குச் செலவும் இரண்டு மடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியே இரிடியம் போட்டுத் தந்த வண்டி என்றால் அதையே போடுங்கள், அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இப்போது என் ஷைனில் ஓடுவது இரண்டாவது சாதாரண பிளக். 22,000 ஓடிய அந்த இரிடியத்தைத் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எங்காவது வழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர அது போதும். சித்தப்பா மட்டும் போன வாரமும் கேட்டார், "அந்தப் பழைய சாதனத்த எனக்குத் தந்திரேன்டே" என்று.