திருட்டு வீடியோ: நோட்டீஸா, வழக்கா, முன்கூட்டிய சம்மதமா?

பெரியவர்களுக்கான படங்கள் திருடப்படுவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அந்தத் தொழிலுக்கு உரிமை ஒரு கேடா?" என்று யாராவது கேட்பார்கள். சட்டம் அப்படிக் கேட்பதில்லை. ஆபாசம் என்பதற்காக மட்டும் ஒரு படைப்பின் பதிப்புரிமை போய்விடாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1979-லேயே சொல்லிவிட்டது. அந்த உரிமை யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் திருட்டை எதிர்க்க இருக்கும் மூன்று வழிகளையும் எடை போடுகிறேன்.

முதல் வழி, நீக்கக் கோரும் நோட்டீஸ். 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பியதும் வீடியோவை எடுத்துவிட்டால் தளம் நஷ்டஈட்டிலிருந்து தப்பித்துக்கொள்ளும். வழக்குச் செலவு இல்லை, வேகமும் உண்டு. ஆனால் திருட்டுப் பிரதிகளைத் தானே தேடிப் பார்க்கும் கடமை தளத்துக்குக் கிடையாது. இன்று எடுத்தது நாளை வேறு தலைப்பில் ஏறும்; மறுபடியும் நோட்டீஸ். அதைவிடக் கொடுமை, நோட்டீஸில் கையெழுத்தும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். புனைபெயரில் சொந்தமாகப் படமெடுத்து விற்கும் ஒரு பெண், தன் நிஜப் பெயர் திருடியவன் கைக்கே போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் அதை எழுத வேண்டியிருக்கிறது. முகவர் மூலம் அனுப்பலாம். அதற்கும் திருட்டுக் கொடுத்தவர்தான் காசு கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, வழக்கு. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு படைப்புக்கு 750 டாலரில் தொடங்கி, தெரிந்தே செய்த மீறலுக்கு 1,50,000 டாலர் வரை நஷ்டஈடு உண்டு. பிரெண்டா லா என்ற சட்ட நிறுவனம் இதைத்தான் தொழிலாக்கியது. டாரன்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையில் படங்களை இறக்கியவர்களின் ஐபி முகவரிகளை (இணைய இணைப்பின் அடையாள எண்களை) திரட்டி, பெயர் வெளியே வந்தால் மானம் போகுமே என்ற பயத்தைக் காட்டிப் பணம் கறந்தது. படங்களைத் தாங்களே இணையத்தில் ஏற்றிவிட்டுப் பொறி வைத்ததும் பிறகு அம்பலமானது. அதை நடத்திய பால் ஹான்ஸ்மையருக்கு 14 ஆண்டும் ஜான் ஸ்டீலுக்கு 5 ஆண்டும் 2019-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. திருடியவன் மேலேயே பாய்ந்தாலும், வெட்கத்தைக் காட்டி மிரட்டுவதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த இரண்டு வழிக்கும் பொதுவாக ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நிறுவனம் எடுத்த படத்தின் பதிப்புரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்கே. உடம்பும் முகமும் யாருடையதோ அவருக்கு இல்லை. கேர்ல்ஸ் டூ போர்ன் என்ற அமெரிக்க ஆபாசப் படத் தளத்தின் மேல் நடந்த வழக்கைப் பாருங்கள். படம் இணையத்தில் வராது என்று பொய் சொல்லிப் பெண்களை நடிக்க வைத்தார்கள். ஏமாற்றியவர்கள்தான் அந்தப் படங்களின் உரிமையாளர்கள் என்று நின்றார்கள். 2020 ஜனவரியில் கலிஃபோர்னியா நீதிமன்றம் 22 பெண்களுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் டாலருக்கு மேல் வழங்கச் சொன்னது. படங்களின் உரிமையையும் அவர்களுக்கே கொடுத்தது. பணத்தைவிட அந்த இரண்டாவது பகுதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மூன்றாவது வழி, ஏற்றுபவர் யார், படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்று ஏற்றுவதற்கு முன்பே சரிபார்ப்பது. 2020 டிசம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் பணப்பரிமாற்றத்தை நிறுத்தியபின், போர்ன்ஹப் என்ற பெரிய ஆபாச வீடியோ தளம் அடையாளம் சரிபார்க்கப்படாத கணக்குகளின் வீடியோக்களை லட்சக்கணக்கில் நீக்கியது. அத்தனை ஆண்டு நோட்டீஸ்களால் ஆகாதது சில நாட்களில் ஆனது. குறையும் உண்டு. அடையாள ஆவணங்கள் தளங்களின் கையில் குவிகின்றன. தொழிலின் குடுமி வங்கிகளின் பிடிக்குள் போகிறது: 2021 ஆகஸ்டில், படைப்பவர்கள் தங்கள் வீடியோக்களைச் சந்தாவுக்கு விற்கும் ஓன்லிஃபேன்ஸ் தளம் வங்கிகளைக் காரணம் காட்டி அப்பட்டமான பாலியல் காட்சிகளுக்குத் தடை அறிவித்து, ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றது; இடையில் தவித்தது அதில் பிழைப்பு நடத்தியவர்கள்தான். இருந்தும் இதையே முதலில் வைக்கிறேன். பாதிக்கப்பட்டவர் ஓடிவந்து முறையிடும்வரை காத்திருக்காதது இது ஒன்றுதான். நோட்டீஸ் இதற்குத் துணை. வழக்கை, திருட்டுப் பிரதிகளை வைத்தே சம்பாதிக்கும் தளங்கள் மேல் மட்டும் போடலாம்.

பார்ப்பவர் பக்கமும் இதே கணக்குத்தான். ஓன்லிஃபேன்ஸ் போன்ற இடத்தில் கொடுக்கும் கட்டணத்தில் 80 சதவீதம் படைத்தவருக்குப் போகிறது. அதோடு, நாளை மனம் மாறினால் தன் பக்கத்திலிருந்து அந்த வீடியோவை அவர் எடுத்துவிடலாம். திருட்டுத் தளத்தில் கிடக்கும் பிரதியிடம் அவர் பேச்சு எடுபடாது.