பழைய பிளேயர்ஸ் ஹேண்ட்புக், இப்போதும் வாங்கலாமா?

நண்பர் ஒருவர் புதிதாக டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) குழு சேர்க்கிறார். 2024 பதிப்பு வந்த பிறகும் அதன் விதிப் புத்தகமான 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்குக்குக் காசு செலவழிக்கலாமா என்று கேட்டார். பல வருடமாக அதை வைத்துத்தான் டிஎம்மாக, அதாவது கதையை நடத்தி மற்ற பாத்திரங்களுக்கெல்லாம் பேசுகிறவனாக, உட்கார்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

கிளாஸ் (பாத்திரத்தின் வகை), ஸ்பெல் (மந்திரம்) கதையெல்லாம் ஆடுகிற எல்லாருக்கும் தெரியும். என்னை அந்தப் புத்தகத்தோடு கட்டிப்போட்டது பேக்கிரவுண்ட் பகுதிதான், அதாவது பாத்திரம் இதற்கு முன் என்னவாக இருந்தது என்பது. மொத்தம் 13. ஒவ்வொன்றிலும் குணத்துக்கு எட்டு வரி. லட்சியம், பந்தம், குறை மூன்றுக்கும் ஆறாறு வரி. பகடையை உருட்டினால் ஆள் தயார். "எனக்குக் கதையெல்லாம் வராதுப்பா" என்று ஒதுங்குகிறவர்கூட ஒரு குறை கையில் கிடைத்ததும் பேச ஆரம்பித்துவிடுவார். பத்துப் பக்க முன்கதையோடு வருகிறவரிடம் இதை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் குழுவில் ஒருவருக்கு சோல்ஜர் (போர்வீரன்) பேக்கிரவுண்டின் பட்டியலிலிருந்து விழுந்த குறை இது: போர்க்களத்தில் இவன் செய்த தவறால் பலர் செத்தார்கள், அதை மறைக்க எதையும் செய்வான். ஒரு சத்திரக்காரம்மா சூப்பை ஊற்றிக்கொண்டே பேச்சுவாக்கில், "எந்தப் படையில இருந்தீங்க தம்பி?" என்று கேட்டார். நம்மாள் சட்டென்று வேறு படையின் பெயரைச் சொன்னார். நான் எதையும் யோசித்து வைத்துக் கேட்கவில்லை. அந்தம்மாவின் மகன் அதே போரில் செத்தவன் என்று அந்த நொடியில்தான் முடிவு செய்தேன். பல மாதம் ஓடிய கதை அந்த ஒரு பொய்யிலிருந்து வந்தது.

கடைசியில் அவர் அந்தம்மா முன்னால் மண்டியிட்டு உண்மையைச் சொன்னார். மேஜையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குறைக்கு ஏற்ப நடிப்பவருக்கு இன்ஸ்பிரேஷன் கொடுக்கலாம் என்பது விதி. அதைச் செலவழித்தால் 20 பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டி அதிகமானதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஒன்றுக்கு மேல் வைத்திருக்கக் கூடாதாம்! எங்கள் ஆட்டத்திலேயே உச்சமான கட்டத்துக்குக் கொடுக்க என் கையில் ஒன்றுமில்லை. இத்தனை அருமையான பட்டியல்களைப் போட்டுவிட்டு, பரிசில் போய் இப்படிக் கை சுருக்கியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

2024 பதிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தால், கூடுதலாகக் கிடைப்பதை இல்லாத இன்னொரு பிளேயருக்குக் கொடுக்கலாம். நல்ல மாற்றம். ஆனால் பந்தமும் குறையும் அடங்கிய அந்தப் பட்டியல்களை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். பேக்கிரவுண்ட் 16 ஆனது, எபிலிட்டி ஸ்கோர் (பலம், அறிவு போன்ற திறன்களுக்கான எண்) கூடுவதையும் அதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். விசார்ட் (மந்திரவாதி) ஆட வருகிறவர் இன்டலிஜன்ஸ் (அறிவு) ஏற வேண்டும் என்பதற்காகவே சேஜ் (அறிஞர்) பேக்கிரவுண்டை எடுக்கிறார். அந்த மனிதர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

இவ்வளவு புகழ்ந்தாலும், நண்பருக்கு நான் சொன்னது: பழையதை வாங்காதீர்கள், புதியதையே வாங்குங்கள். உங்கள் ஆட்கள் புதியவர்கள். இரண்டு பதிப்பின் விதிகளைக் கலந்தால் முதல் சண்டையிலேயே குழம்புவார்கள். பட்டியலுக்கு மாதிரி வேண்டுமானால், இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்பின் விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-இல் அக்கோலைட் (கோயில் பணியாளர்) பேக்கிரவுண்ட் முழுதாக இருக்கிறது. அதைப் பார்த்து ஆளுக்கு ஆறு குறை எழுதச் சொல்லுங்கள், ஒருவர் எழுதியதில் மற்றவர் உருட்டட்டும்.