எண்ணெய்க் குழாய்க்கு ஒளியிழைக் காவல்: மூன்று வருட அனுபவம்

எண்ணெய்க் குழாய் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்ப்பவன் நான். குழாயோடு ஒரே பள்ளத்தில் புதைத்த ஓஎஃப்சி (ஒளியிழை) கேபிளில் சும்மா கிடந்த ஓர் இழையில் 'டாஸ்' (DAS) கருவியை, அதாவது குழாய் பக்கத்தில் யாராவது தோண்டினால் அந்த அதிர்வை இழை வழியே கேட்டுச் சொல்லும் கருவியை, மாட்டி மூன்று வருடம் ஆகிறது. வாங்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கருவி இழைக்குள் லேசர் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் இயல்பாகவே உள்ள நுண்ணிய சீரின்மைகளில் பட்டு ஒளி கொஞ்சம் திரும்பி வரும். இதுதான் ராலே சிதறல். மேலே மண் அதிர்ந்தால் இழை இம்மியளவு நீளும், திரும்பும் ஒளி மாறும். திரும்ப எடுத்த நேரத்தை வைத்து இடம் தெரியும். 50 கிலோமீட்டர் போய்த் திரும்ப அரை மில்லி விநாடி என்பதால், அந்த நீளத்துக்கு விநாடிக்கு 2,000 துடிப்புக்கு மேல் அனுப்ப முடியாது. வழியெங்கும் சென்சார், பேட்டரி எதுவும் கிடையாது. வெளியில் வைத்த பொருள் எவ்வளவு நாள் தங்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

முதல் ஆறு மாதம் நொந்துபோனோம். பம்புசெட், டிராக்டர், ரயில் எல்லாவற்றுக்கும் அலாரம். அப்புறம் திரையைப் படிக்கக் கண் பழகியது. அதில் ஒரு பக்கம் தூரம், இன்னொரு பக்கம் நேரம். ரயில் சாய்ந்த கோடாக ஓடும். பம்புசெட் ஒரே இடத்தில் நேர்கோடாக நிற்கும். மண்வெட்டி புள்ளி புள்ளியாக விழும், நடுவில் மூச்சு வாங்க ஓர் இடைவெளி. மென்பொருள் இப்போது ஓரளவு பிரித்துச் சொல்கிறது, ஆனாலும் அந்த மூச்சு இடைவெளியைப் பார்த்துத்தான் நான் போனை எடுப்பேன்.

ஒருநாள் இரவு 18-ஆவது கிலோமீட்டரில் அப்படித்தான் புள்ளிகள். குழாய்ப் பாதையில் நடந்து காவல் பார்க்கும் லைன் வாக்கரை எழுப்பி அனுப்பினேன். "சார், இங்க ஈ காக்கா இல்லையே" என்றார். "நல்லா பாருங்கண்ணே, வெட்டிக்கிட்டே இருக்கான்." கடைசியில் ஆள் அகப்பட்டது 180 மீட்டர் தள்ளி, வரப்பு வெட்டிக்கொண்டிருந்த விவசாயி! கோளாறு எங்கள் கணக்கில்தான். இரண்டு கிலோமீட்டருக்கு ஓர் இணைப்புக் குழி, ஒவ்வொன்றிலும் 20 மீட்டர் கேபிள் சுருட்டி வைத்திருந்தது. ஒன்பது குழிக்கு 180 மீட்டர். இழையின் நீளம் வேறு, நிலத்தின் நீளம் வேறு. பிறகு கல் கல்லாகப் போய்த் தரையில் சம்மட்டியால் அடித்து, ஜிபிஎஸ் குறித்து, அட்டவணை திருத்தினோம். வாங்குகிறவர்கள் இந்த வேலையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மண்ணில் நேரடியாகப் புதைத்த கேபிளுக்குக் காது கூர்மை. ஹெச்டிபிஇ என்னும் பிளாஸ்டிக் உறைக்குழாய்க்குள் தொளதொளவென்று கிடக்கும் பகுதிகளில் மந்தம்தான். பலத்த மழையிலும் திரை முழுக்க இரைச்சல்.

பெரிய குறை ஒன்று உண்டு. கேபிள் அறுந்தால் அதற்கு அப்பால் முழுச் செவிடு. போன வருடம் சாலை வேலைக்கு வந்த ஜேசிபியைத் திரை சரியாகவே காட்டியது. ஆள் போய்ச் சேர்வதற்குள் கேபிளையே வெட்டிவிட்டான். அறுந்த இழைகளை ஒட்டி ஸ்பிளைஸ் போட்டு முடிக்க மறுநாள் மதியமாகிவிட்டது. அதுவரை அந்த லைன் வாக்கர் அண்ணன்தான் டார்ச்சோடு நடந்தார்.