ட்ரிட்: பெயர் தெரியாத பைல்களோடு சில வருடங்கள்

மின்சாரம் திடீரென நின்றாலோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்கினாலோ, விண்டோஸ் பிறகு டிஸ்க்கைச் சரிபார்க்கும். அப்போது எந்தப் பைலோடும் சேராத துண்டுகளை ‘பவுண்ட்.000’ என்ற மறைவான போல்டருக்குள் கொட்டிவிடும். திறந்தால் பைல்0000.சிஎச்கே, பைல்0001.சிஎச்கே என்று நீளும். “தம்பி, மகளின்ட கலியாணப் படமெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு” என்று உவர்மலையிலிருந்தும் கின்னியாவிலிருந்தும் தெரிந்தவர்கள் கொண்டுவந்து தருவது இந்த மாதிரியைத்தான்.

இதற்கு நான் பாவிப்பது மார்கோ பொன்டெல்லோ எழுதிய ‘ட்ரிட்’ என்ற மென்பொருள். பைலின் பெயரை அது நம்பாது. உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்த்து வகையைச் சொல்லும். ஜேபெக் என்றால் தொடக்கம் எப்எப் டி8 எப்எப். பிடிஎப் என்றால் முதலில் ஒரு சதவீதக் குறி, பின்னால் பிடிஎப் என்ற எழுத்துகளே. கட்டளையில் ‘-ஏஇ’ என்று சேர்த்து ஓடவிட்டால், ஒரு போல்டர் முழுவதற்கும் பொருத்தமான பின்னொட்டை (பெயரின் கடைசியில் வகையைக் காட்டும் எழுத்துகளை) தானே போட்டுவிடும். கலியாணப் படம் தேடி வருகிறவருக்கு அதுவே பாதி நிம்மதி.

ஆனால் ஒவ்வொரு விடையும் எவ்வளவு பொருந்துகிறது என்று அது காட்டும் சதவீதத்தை அப்படியே எடுக்கக்கூடாது. வேர்ட் டொக்எக்ஸ், எக்செல், அன்ட்ரொயிட் ஏபிகே எல்லாமே உள்ளே ஸிப்தான். ஸிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகளான ‘பி கே’யோடுதான் தொடங்கும். ஆகவே ஒரே பைலுக்கு இரண்டு மூன்று விடை வரும், அது பிழையில்லை. வகை சரியாக வந்தும் பைல் திறக்காமல் போவது இன்னொரு கதை. ஸிப்புக்குப் பொருளடக்கம் கடைசியில் இருக்கிறது. வால் அறுந்தால் வேர்ட் திறக்க மறுக்கும். போனில் எடுத்த எம்பி4 வீடியோக்கள் பலவற்றிலும் இதே நிலைமைதான். ட்ரிட் வகையைச் சொல்லுமே தவிர, பைல் முழுசாக இருக்கிறதா என்று சொல்லாது.

டியூஷன் பிள்ளைகளின் பென் டிரைவில் வருவது வேறு தலையிடி: போல்டர் படத்தோடு இருக்கும் ‘நோட்ஸ்’. விண்டோஸ் பின்னொட்டை மறைப்பதால் அது இஎக்ஸ்இ, அதாவது ஓடக்கூடிய புரோகிராம், என்று தெரியாது. ட்ரிட்டில் போட்டால் உடனே பிடிபடும். முதல் இரண்டு எழுத்தும் ‘எம் இஸட்’, மைக்ரோசொப்டின் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரிலிருந்து வந்தவை. அப்படியானதை இரட்டைக் கிளிக் பண்ணாதீர்கள். விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் எஸ்எச்ஏ-256 என்ற பைலின் கைரேகை போன்ற குறியீட்டை எடுத்து, அதை மட்டும் வைரஸ் சோதிக்கும் தளமான வைரஸ்டோட்டலில் தேடுங்கள். பைலை ஏற்றினால் அது மற்ற நிறுவனங்களின் கைக்கும் போகலாம். யாரோ ஒருவரின் காணி உறுதி ஸ்கேனை அப்படி ஏற்றிவிடும் ஆட்களை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும்.

ட்ரிட் கைவிடும் இடம் எழுத்துப் பைல்கள். ‘இது வெறும் எழுத்துப் பைல் போலிருக்கிறது’ என்று எச்சரித்துவிட்டு ஒதுங்கிவிடும். அங்கே லினக்ஸின் ‘பைல்’ கட்டளை கைகொடுக்கும். 1973 இலிருந்தே யுனிக்ஸில் உள்ளது. ஆனால் நம் பக்கத்தில் அதுவும் ஏமாறும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதத்தை அது ‘ஆஸ்கி எழுத்து’ (வெறும் ஆங்கில எழுத்து) என்றே சொல்லும், ஏனெனில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பைட்டுகளை அப்படியே காட்டும் எச்எக்ஸ்டி மென்பொருளில் திறந்து பார்க்கையில் ‘ஜே கே பி ஓ’வும் அரைப்புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் அது ‘தமிழ்’. கோயில் கணக்கு, சங்க அறிக்கை, பழைய வினாத்தாள் என்று இப்படிப் பல, குப்பையென்று அழிபட இருந்தவை, வெளியே வந்திருக்கின்றன. யுனிகோட் மாற்றியில் ஒட்டினால் போதும்.

ட்ரிட் தனிப்பட்ட பாவனைக்குத்தான் இலவசம். கடை வைத்திருப்பவர்கள் உரிம விடயத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பைல் வகைகளின் அடையாளங்கள் உள்ள அதன் வரையறைப் பைலையும் இடைக்கிடை புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிய போன்களின் படங்களைக் கண்டு முழிக்கும்.