இரண்டு வாரமா, இரண்டு வருடமா, வீட்டிலிருந்தேயா? ஜாம்பியக் கிராமப் பள்ளிக்கு உதவ மூன்று வழிகள்

ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று இணையத்தில் தேடினால், முதலில் கண்ணில் படுபவை கட்டணத் திட்டங்கள்தான். நாம் பணம் கட்டுவோம்; தங்குமிடம், சாப்பாடு, ஒரு பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். ஓரிரு வருடம் தங்கி வேலை செய்வது இரண்டாவது வழி. போகாமலே, அங்கே ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்குப் பணம் அனுப்புவது மூன்றாவது. ஜாம்பியாவில் இந்த மூன்றுமே நடக்கின்றன.

முதலில் குறுகிய பயணம். விக்டோரியா அருவியைப் பார்க்க ஆட்கள் வருகிற லிவிங்ஸ்டன் நகரம்தான் இதற்கு முக்கியமான இடம். அருவி, சஃபாரி, நடுவில் கொஞ்சம் பள்ளிக்கூடம். சிக்கல் மொழியில் தொடங்குகிறது. 2014இல் வந்த பாடத்திட்டம் முதல் நான்கு வகுப்புகளை ஏழு உள்ளூர் மொழிகளில் நடத்தச் சொன்னது. தெற்கு மாகாணத்தில் அது டோங்கா. டோங்காவில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர் இரண்டாம் வகுப்பில் என்ன செய்ய முடியும்? ஆங்கிலப் பாட்டு, ஏபிசிடி, விளையாட்டு. வகுப்பாசிரியர் மொழிபெயர்ப்பாளராக நிற்பார். அடுத்த குழு வந்து மறுபடியும் ஏபிசிடியிலிருந்து தொடங்கும்.

பள்ளி நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். பருவங்கள் ஜனவரி, மே, செப்டம்பரில் தொடங்குகின்றன. ஐரோப்பியக் கல்லூரி மாணவர்கள் கூட்டமாக வரும் ஆகஸ்டில் பெரும்பாலும் விடுமுறை. நம் ஊர் மே மாத லீவில் போகிறவர்களுக்கு மட்டும் இது ஒத்துவரும்.

திட்டத்தில் 'அநாதை இல்லம்' என்று இருந்தால் யோசிக்காமல் விலகிவிடுங்கள். பல நாடுகளில் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் வருவதாலேயே குழந்தைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதும் நடக்கிறது. 2018இல் ஆஸ்திரேலியா இதை நவீன அடிமைத்தனத்தில் ஒன்றாகவே கணக்கில் எடுத்தது.

நீண்ட காலப் பணி வேறு ரகம். அமெரிக்க அரசின் தன்னார்வலர் திட்டமான பீஸ் கார்ப்ஸில் பணிக்காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் மொழிக்கும் பயிற்சிக்கும் போய்விடும். ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே இடம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்கும் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பை முயன்று பார்க்கலாம். வாழ்க்கைச் செலவுக்குப் படி தருவார்கள், நாம் கட்ட வேண்டியதில்லை. பதிலுக்குப் படிப்பும் அனுபவமும் கேட்பார்கள், போட்டியும் உண்டு. இந்த வகைப் பணியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதைவிட ஆசிரியர் பயிற்சி, நிர்வாகம் போன்ற வேலைகளில்தான் வெளியாள் உருப்படியாக எதையாவது செய்ய முடியும். 1958இல் பிரிட்டிஷ் இளைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வலர் அமைப்பில்கூட இன்று தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுக்காரர்களே.

மூன்றாவது வழி போட்டோவுக்கு உதவாது. என் ஓட்டு அதற்குத்தான். காரணம் எளிது: ஜாம்பியாவில் பாடம் நடத்தத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 2022இல் அரசு உயர்நிலைப் பள்ளிகள்வரை கட்டணத்தை எடுத்துவிட்டது. வகுப்புகள் நிரம்பி வழிந்தன. அதே ஆண்டில் 30,000க்கும் அதிகமான ஆசிரியர்களை நியமித்தார்கள். அத்தனை பேர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தார்கள் என்றால், விமானமேறிப் போய் நாம் எந்த இடத்தை நிரப்பப் போகிறோம்?

பெண் குழந்தைகளின் படிப்புக்கு உதவும் காம்ஃபெட் அமைப்பைப் பாருங்கள். 1993இல் ஜிம்பாப்வேயில் 32 சிறுமிகளின் படிப்புச் செலவை ஏற்றுத் தொடங்கியது, இப்போது ஜாம்பியாவிலும் இருக்கிறது. அதன் உதவியால் படித்து முடித்த பெண்களே தங்கள் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பி, மாணவிகளுக்கு வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். எந்த வீட்டுப் பெண் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கே போய், அம்மாவிடம் அவர்கள் மொழியில் பேசவும் முடியும்.

'கேட்ச் அப்' என்ற இன்னொரு திட்டத்தில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரையுள்ள பிள்ளைகளை வயதை விட்டுவிட்டு, வாசிக்கும் திறனை வைத்துக் குழு பிரிக்கிறார்கள். இந்த முறை மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பிடமிருந்து போனது. இந்தியாவிலிருந்து அங்கே போய் உண்மையில் பயன்பட்டது கற்பிக்கும் முறை. வகுப்பில் நிற்பவர் ஜாம்பிய அரசு ஆசிரியர்தான்.

பணம் அனுப்புவதிலும் தொல்லை உண்டு. ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் வெளியிடாத அமைப்புக்குத் தராதீர்கள். 'ஒரு குழந்தையைத் தத்தெடுங்கள்' என்று முகத்தைக் காட்டிக் கேட்பவர்களைவிட, பள்ளிக்கோ ஊருக்கோ மொத்தமாகச் செலவழிப்பவர்கள் மேல். இல்லாவிட்டால் ஒரே பெஞ்சில் ஒருத்திக்குப் புதுச் சீருடை, பக்கத்திலிருப்பவளுக்கு ஒன்றுமில்லை என்றாகும்.

சரி, நேரில் போயே தீர வேண்டும் என்றால்? பள்ளி தானே கேட்ட ஒரு வேலை இருக்க வேண்டும். கெட்டுப்போன கணினிகளைச் சரிசெய்து, அங்கேயே ஒருவருக்குப் பழக்கிக் கொடுப்பது இரண்டு வாரத்தில் முடியும். சுவர் எழுப்புவதும் வெள்ளையடிப்பதும் வேண்டாம். அது அந்த ஊர்க் கொத்தனாரின் கூலி.