பில்லில் கம்ப்ரஷன் 8:1, உள்ளே 9.3: ஜெட் போட் எஞ்சின் ரீபில்டில் ஏமாந்த கதை

ஷெவர்லே 454 பிக் பிளாக் (எட்டு சிலிண்டர் எஞ்சின்), ஒற்றை டர்போ, 8 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்), பின்னால் தண்ணீரைப் பீய்ச்சிப் படகைத் தள்ளும் பெர்க்லி ஜெட் பம்ப். ரீபில்ட் முடிந்து தண்ணீரில் இறங்கிய இந்த எஞ்சின் 6 மணி நேரம்கூட ஓடவில்லை. ஏழாவது சிலிண்டரில் பிஸ்டன் உடைந்து, டிப்ஸ்டிக் குழாய் வழியே எண்ணெய் பீய்ச்சியடித்து நின்றுபோனது. கட்டிக்கொடுத்த பட்டறை, "பூஸ்டை ஏற்றி ஓட்டியிருக்கிறீர்கள், எங்கள் வேலையில் குறை இல்லை" என்று கையை விரித்துவிட்டது. ஈசியூ (எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி) பதிவில் பூஸ்ட் ஒருமுறைகூட 8-ஐத் தாண்டவில்லை. பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. பிரித்து அளந்தபோது கிடைத்த எண்களை மட்டும் எழுதுகிறோம். இதே வேலையைக் கொடுக்கப்போகிறவர்களுக்கு அவைதான் பயன்படும்.

இப்படி ஒரு எஞ்சின் உடைந்தால் எல்லோரும் பிஸ்டனைத்தான் முதலில் பார்ப்பார்கள். ரிங்கைப் பாருங்கள், அதாவது பிஸ்டனைச் சுற்றிப் போட்டிருக்கும், முனைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி உள்ள வளையத்தை. ஏழாவது பிஸ்டனின் மேல் ரிங்கை வெளியே எடுத்தபோது அதன் இரண்டு முனைகளும் கண்ணாடிபோல் மின்னின. அரத்தால் ராவிய முனை மங்கலாக, கோடு கோடாக இருக்கும். இப்படிப் பளபளத்தால் சூட்டில் விரிந்து ஒன்றோடொன்று முட்டித் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முட்டிய பிறகு ரிங் விரிய இடமில்லை, போரின் (சிலிண்டர் துளையின்) சுவரை நெரிக்கும், பிஸ்டனின் மேல் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். இங்கே நடந்தது அதுதான்.

உடையாத சிலிண்டர்களின் ரிங்குகளை அதே போரில் நேராக வைத்து ஃபீலர் கேஜில் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) அளந்தால் முனைகளுக்கு நடுவே இடைவெளி 0.017 இன்ச். 4.280 இன்ச் போருக்கு இது காரில் டர்போ இல்லாமல் ஓடும் எஞ்சினுக்கான கணக்கு: போர் ஒரு இன்ச்சுக்கு 0.004. டர்போ வைத்து படகில் ஓடும் எஞ்சினுக்கு இன்ச்சுக்கு 0.0065 வேண்டும், அதாவது 0.028 இன்ச் அளவில். இரண்டாவது ரிங்கை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். பாக்கெட்டில் வந்த ரிங்கை அரமே படாமல் அப்படியே போட்டிருக்கிறார்கள். பில்லிலோ "ரிங் ஃபைல் ஃபிட்டிங்" என்று தனியாகக் கூலி இருக்கிறது.

ஏழாவது சிலிண்டர் முதலில் போனதற்கும் காரணம் உண்டு. இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. அடுத்தடுத்து இருக்கும் 5-ம் 7-ம் ஒன்றன்பின் ஒன்றாக எரிவதால் அந்த மூலை எப்போதும் சூடு கூடுதலாகத்தான் இருக்கும். மற்ற ஏழும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற விகிதம். பில்லில் எழுதியிருந்தது "2618 ஃபோர்ஜ்ட் பிஸ்டன், ஃபிளாட் டாப், 8:1". ஹெட்டைக் கழற்றியதுமே பிஸ்டன் தலையில் மேடு தெரிந்தது. எவ்வளவு மேடு என்று கண்ணால் சொல்லக்கூடாது, பியூரெட்டால் அளக்க வேண்டும். பிஸ்டனின் ஓரத்தை பிளாக்கின் மேல்மட்டத்திலிருந்து சரியாக 0.500 இன்ச் கீழே இறக்கி, சுற்றிலும் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை மேலே வைத்து, ஓட்டை வழியே திரவத்தை விட வேண்டும். தலை தட்டையாக இருந்தால் 118 சிசி கொள்ளும். இங்கே 98 சிசியிலேயே நிரம்பிவிட்டது. ஆக 20 சிசி மேடு. ஹெட் சேம்பர் 119 சிசி, கேஸ்கட் 0.039 இன்ச், டெக் (பிஸ்டன் உச்சிக்கு வந்தபோதும் பிளாக்கின் மேல்மட்டத்துக்குக் கீழே மிச்சமிருக்கும் தூரம்) 0.020 இன்ச் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 9.3:1. டர்போ இல்லாத எஞ்சினுக்கான டோம் (மேடுள்ள) பிஸ்டனைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பிஸ்டனின் அலுமினியக் கலவையும் 2618 இல்லை, 4032. சிலிக்கான் கூடுதலாக உள்ள அது கார் எஞ்சினுக்கு நல்ல பொருள்தான், ஆனால் நாக்கிங்கின் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எரிவதன்) அடியை 2618 போலத் தாங்காது, உடையும். சாதாரண பெட்ரோல், 8 பிஎஸ்ஐ, 9.3:1 சேர்ந்தால் நாக்கிங் வரும் ஆபத்து மிகவும் கூடுதல். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போல அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தன.

கார் எஞ்சினில் சரியாக வரும் அளவு படகில் ஏன் தப்பாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் ஏமாறுவது குறையும். கார் முழு திராட்டிலில் சில வினாடிதான் ஓடும். ஜெட் பம்ப்புக்குக் கியர் கிடையாது, இம்பெல்லர் கேட்கும் சக்தி ஆர்பிஎம்மின் மூன்றாம் மடியில் ஏறும். 3000-லிருந்து 4500-க்குப் போனால் சுமை மூன்று மடங்குக்கும் மேல். அதே சுமையில் நிமிடக்கணக்காக நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, ஏரித் தண்ணீர் நேராக பிளாக்குக்குள் ஓடுகிறது. பிளாக் குளிர்ந்து சுருங்கியிருக்கும்போது பிஸ்டன் கொதித்து விரிகிறது. இதனால்தான் 2618 பிஸ்டனுக்குச் சுவர் இடைவெளி 0.006 இன்ச் அளவில் கேட்கிறோம். இங்கே 0.0035. எட்டு பிஸ்டனிலும் ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரின்) நான்கு மூலையிலும் உரசிய கோடு. கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கின் இடைவெளி 0.0018, இருக்க வேண்டியது 0.0028-லிருந்து 0.0032 வரை. பேரிங்கின் மேல்பூச்சு வழிந்து, அடியிலிருக்கும் செம்பு நிறம் தெரிந்தது.

பிளாக்கைப் பற்றி எழுதும்போதுதான் மனசு வலிக்கிறது. 0.030 இன்ச் போர் ஏற்றுவதற்கு (துளையைப் பெரிதாக்குவதற்கு) முன் சுவர் கனத்தை சோனிக் டெஸ்டில் (ஒலி அலையால் அளக்கும் சோதனை) பார்த்தார்களாம், அதற்கும் கூலி. அளவுத்தாளைக் கேட்டால் இல்லை. நாங்கள் வேறு இடத்தில் அளக்கக் கொடுத்ததில் பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில் ஓரிடத்தில் 0.165 இன்ச்தான் மிச்சம். தண்ணீர்ப் பக்கம் துரு தின்ற பழைய படகு பிளாக்கில் இது நடப்பதுதான். பூஸ்ட் எஞ்சினுக்கு அந்தப் பக்கம் 0.200-க்குக் குறையாமல் வேண்டும். முதல் நாளே அளந்திருந்தால் அந்த பிளாக்கில் ஒரு காசுகூடப் போட்டிருக்க வேண்டியதில்லை.

டர்போவின் எண்ணெய் வடிகுழாயைத் தொட்டில் போலத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் குழாயில் எண்ணெய் தன் எடையில்தான் இறங்க வேண்டும், இடையில் பள்ளம் இருக்கவே கூடாது, போய்ச் சேரும் இடம் சம்ப்பின் (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின்) எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டர்போ தாழ்வாக இருந்தால் உறிஞ்சும் பம்ப் போட்டே ஆக வேண்டும். இங்கே வடியாத எண்ணெய் சீலைத் தாண்டி டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் தேங்கி, காற்றோடு சிலிண்டருக்குப் போயிருக்கிறது. எண்ணெய் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கும், நாக்கிங் இன்னும் கூடும்.

ஸ்டார்ட்டரும் ஆல்டர்நேட்டரும் கார் வகை. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். படகின் அடித்தளத்தில் பெட்ரோல் ஆவி தேங்கும், கார் ஸ்டார்ட்டரின் பொறி வெளியே வரும், படகே வெடித்துப் போகலாம். மரைன் வகையில் பொறி வெளியேறாதபடி அடைத்திருப்பார்கள். பிளாக்கின் தண்ணீர்ப் பாதை ஓட்டைகளை அடைக்கும் கோர் பிளக்குகளும் பித்தளைக்குப் பதில் இரும்பு.

வேலை கொடுப்பவர்கள் அசெம்பிளிக்கு முன் ஒருநாள் நேரில் போய், எல்லாப் பாகமும் மேசையில் பிரித்துக் கிடக்கும்போது பாருங்கள். ஒவ்வொரு போரும் டார்க் பிளேட் (ஹெட் பூட்டியதுபோல் பிளாக்கை இறுக்கும் தகடு) போட்டு ஹோன் செய்த (தேய்த்து அளவாக்கிய) பிறகு என்ன அளவு, ஒவ்வொரு ரிங்கும் எவ்வளவு இடைவெளி, ஒவ்வொரு ஜர்னலும் (பேரிங்கில் சுழலும் தண்டுப் பகுதி) எவ்வளவு என்று கையால் எழுதிய தாளை வாங்குங்கள். பிஸ்டனின் உட்புறம் உள்ள எண்ணைப் படம் எடுங்கள். கடைசித் தவணையை அந்தத் தாள் வராமல் கொடுக்காதீர்கள். "எல்லாம் ஸ்பெக்படிதான் சார்" என்பது அளவு ஆகாது.

உடைந்துபோனால் எஞ்சினை அதே பட்டறைக்குப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள், பிரித்த மறுகணமே சாட்சி போய்விடும். ஒவ்வொரு பேரிங்கையும் ரிங்கையும் தனித்தனிப் பையில் போட்டு சிலிண்டர் எண் எழுதி வையுங்கள். ஆயில் கூலரைக் கழுவி மறுபடி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் மெல்லிய குழாய்களுக்குள் ஒட்டியிருக்கும் உலோகத்தூள் எந்தக் கழுவலுக்கும் முழுதாக வராது, அடுத்த எஞ்சினின் பேரிங்கையும் டர்போவையும் முதல் மணி நேரத்திலேயே தின்றுவிடும். கூலரையும் அதன் ஹோஸ்களையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள்.