ஊட்டிக் குளிரை நம்பி ஃப்ரோசன் பழம் விற்க முடியாது

"ஊரே ஐஸ் மாதிரி இருக்கு, இதுக்குப் போய் இவ்வளவு பாடா?" குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து பேக்கரிகளும் ஹோட்டல் சமையற்கட்டுகளும் முதலில் கேட்பது இதைத்தான். மலைக்காற்று 10 டிகிரி. பழத்துக்கு வேண்டியது மைனஸ் 18. வெளிநாட்டு புளூபெர்ரி, ராஸ்பெர்ரி, கலவை பெர்ரி எல்லாவற்றையும் பல பருவங்களாக இங்கே இறக்கி விற்றதில் தெரிந்தது இது: வாரக்கணக்கில் கடலில் தாங்கி வந்த சரக்கு, மேட்டுப்பாளையத்துக்கு மேலே சில மணி நேரத்தில் கெட்டுப்போகிறது.

கொச்சியிலோ தூத்துக்குடியிலோ இறங்கும் ரீஃபர் கண்டெய்னரில் (குளிரூட்டி பொருத்திய பெட்டகம்) பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். அது இருக்கிற குளிரைக் காக்கும். இளகிய சரக்கைத் திரும்ப உறைய வைக்க அதற்குத் திராணி கிடையாது. ஃப்ரோசன் சரக்கென்றால் காற்றுத் துவாரம் மூடியே இருக்க வேண்டும். சுங்கத்தில் விடுவிக்கும்போது பழத்தின் மொத்த ஆயுளில் 60 சதவீதமோ 3 மாதமோ, எது குறைவோ அது மீதி இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆர்டர் போடும்போதே இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

கோவைக் குளிர்கிடங்கில் சின்ன வண்டிக்கு மாற்றுகிறோம். அங்கிருந்துதான் ஆட்டம். சின்ன ரீஃபர் வண்டிகள் பலவற்றில் குளிர் கம்ப்ரசர் ஓடுவது என்ஜின் பெல்ட்டில். சீசன் நெரிசலில் பர்லியாறு தாண்டி வண்டி நின்று, டிரைவர் என்ஜினை அணைத்தால் குளிரும் நின்றது. அதனால் யூடெக்டிக் தகடு, அதாவது உள்ளே உறையும் கரைசல் நிரப்பிய குளிர்த்தகடு, வைத்த வண்டிதான் எங்கள் தேர்வு. இரவு கரண்டில் தகட்டை உறைய வைத்துவிட்டால் பகலில் என்ஜின் தயவு வேண்டாம். தகடு கனம் என்பதால் லோடு குறையும். அந்த நஷ்டம் பரவாயில்லை.

சில்லறை லோடுக்குத் தெர்மாகோல் பெட்டி போதும், ஆனால் உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்பதில்தான் தப்பு நடக்கிறது. சாதாரண ஜெல் பேக் 0 டிகிரியில் உருகுவது. மீனுக்கு அது சரி, உறைந்த பழத்துக்கு ஆகாது. 770 கிராம் தண்ணீரில் 230 கிராம் உப்பு கரைத்த கரைசல் மைனஸ் 21-ல் உறையும், வேண்டியது அது. இதிலும் ஒரு சிக்கல்: மைனஸ் 18-ல் ஓடும் ஃப்ரீசரில் இந்த பேக்கை எத்தனை நாள் போட்டாலும் முழுசாக இறுகாது. மைனஸ் 25-க்குக் கீழே போகும் ஃப்ரீசர் தேவை. அது இல்லாதவர்கள் ட்ரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) பயன்படுத்தலாம். 10 கிலோ பழத்துக்கு 2 முதல் 3 கிலோ, பழத்தின் மேல்புறமாக. குளிர்ந்த வாயு கீழே இறங்கும் என்பதால் மேலே வைக்கிறோம். மூடியை டேப் போட்டு இறுக்கி அடைக்காதீர்கள். டிரைவர் இருக்கும் பகுதியிலேயே பெட்டி இருந்தால் கண்ணாடி திறந்திருக்க வேண்டும். கரியமில வாயு ஆளை மயக்கிவிடும்.

மேலே வந்ததும் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும். பயந்து திருப்பி அனுப்பாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. குலுக்கிப் பாருங்கள்: பழம் தனித்தனியாகக் கலகலவென்று உருண்டால் நல்ல சரக்கு. ஒரே கட்டியாக இருந்து, மூலையில் சிவப்புச் சாறு உறைந்து நின்றால் வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. பைக்குள் பஞ்சு பஞ்சாகப் பனி இருந்தால் வெப்பம் ஏறி இறங்கியிருக்கிறது என்று பொருள். தெர்மாமீட்டர் முனையை இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே செருகி, நிலைக்கும் வரை காத்திருங்கள். மைனஸ் 15 வரை ஏற்கலாம். மைனஸ் 12-ஐவிடச் சூடாக இருந்தால் இறக்காதீர்கள். உப்பிய பாக்கெட்டுகளை அடுக்கி அமுக்கினால் ஒட்டு விட்டுவிடும். அதனால் மொத்தமாக வாங்குவோர் உள்பை மடித்து மட்டும் வைத்த 10 கிலோ அட்டைப்பெட்டியே கேளுங்கள். பிரித்து விற்பதற்கு, நீலகிரியில் பாலித்தீன் கைப்பைக்குத் தடை. வாங்குபவர் மூடியுள்ள எவர்சில்வர் டப்பா கொண்டு வருவது நல்லது.

கடைசியாக ஃப்ரீசர். டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில்தான் புகார் அதிகம் வரும். காரணம் எளிது. வீட்டு டபுள்டோர் ஃப்ரிட்ஜ் பலவற்றில் தெர்மோஸ்டாட் கீழ் அறையில் இருக்கும். சமையலறையே 8 டிகிரி என்றால் கீழ் அறை சூடாவதே இல்லை, கம்ப்ரசர் கிளம்புவதும் இல்லை. மேலே ஃப்ரீசர் மட்டும் மெல்ல இளகும். பின்புறத் தகட்டில் 'டி' (T) என்று வகுப்பு போட்டிருந்தால் அது 16 முதல் 43 டிகிரி வரையிலான அறைக்குச் செய்தது. 'எஸ்என்' (SN) என்றால் 10 டிகிரியிலிருந்து தாங்கும். தனி தெர்மோஸ்டாட் உள்ள, கெட்டி மூடி போட்ட செஸ்ட் ஃப்ரீசர் வாங்குங்கள். கண்ணாடி மூடி வேண்டாம், மலை வெயில் சுள்ளென்று இறங்கும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால், நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். கடை பூட்டிப் போகிறவர்கள் ஃப்ரீசருக்குள் டம்ளரில் உறைந்த தண்ணீர் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் அடியில் கிடந்தால் பழம் முழுசும் வெளியே.

உறைய வைப்பதால் வைரஸ் சாகாது. 2015-ல் ஆஸ்திரேலியாவில் இறக்குமதி ஃப்ரோசன் பெர்ரியால் ஹெபடைட்டிஸ் ஏ (வைரஸால் வரும் மஞ்சள் காமாலை) பரவியது. ஸ்மூத்தி, ஐஸ்கிரீம் மேல் பச்சையாகத் தூவுவோர் 90 டிகிரியில் 1 நிமிடம் சூடாக்கி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கொதி வந்ததும் இறக்காமல் 1 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.